ஏழாவது அறையில் நின்றவள்

நாத்தனார் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒதுக்கியது தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறை. அதற்கு விளக்கு இருந்தது. சுவிட்ச் மட்டும் வெளியே, நடைவழிச் சுவரில். வெளியே நின்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தட்டுத்தடுமாறிக் கட்டிலுக்கு வரவேண்டும். நாத்தனாருக்கு இருட்டு என்றால் சின்ன வயதிலிருந்தே குலை நடுங்கும். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். வந்த இடத்தில் இந்தப் பயத்தையும் சொல்லிக்கொண்டு நிற்க அவளுக்கு வாய் வரவில்லை. விளக்கை எரியவிட்டே படுத்தாள். வெளிச்சம் மேல்ஜன்னல் வழியாக அடுத்த அறையில் போய் விழ, "ராத்திரியெல்லாம் கடை திறந்து வெச்சிருக்காளா அவ?" என்று அண்ணன் முணுமுணுப்பது சுவர் தாண்டிக் கேட்கும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கட்டிலின் தலைமாட்டில் ஒரு வெள்ளை ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் பேரிக்காய் மாதிரி ஒரு சுவிட்ச். படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டி அமுக்கலாம்.

"இதை யாரு போட்டது அண்ணி?"

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "மோட்டாரைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தாரு. கையில மிச்ச ஒயர் இருந்துச்சு. தொங்கவிட்டுட்டுப் போயிட்டாரு."

மோட்டாருக்கு ஒரு கோளாறும் இல்லை என்று நாத்தனாருக்குத் தெரியும். காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதே அவள்தான். ஆனாலும் அண்ணி அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால்தானே நாத்தனார் நன்றி சொல்ல முடியும்? அதற்கும் இடம் வைக்கவில்லை.

இருவருக்கும் வேலையும் ஒரே இடத்தில்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்த சலவைப் பிரிவு. ஜன்னல் கிடையாது. வரிசையாகக் குழல்விளக்குகள், முகத்தில் அடிக்கும் ஆவி, சோப்பு நெடி, நாள் முழுக்க ஓயாத மெஷின் சத்தம். வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக இறங்கும் அழுக்குத் துணியைப் பிரிப்பது அண்ணியின் வேலை. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு விரிப்பையும் உதறுவாள். உதறாமல் மெஷினில் போட்டால் ஊசி போகும், மூக்குக்கண்ணாடி போகும். ஒருமுறை யாரோ ஒரு பெரியவரின் பல்செட்டே போக இருந்தது. "சிரிப்பைத் தொலைச்சுட்டு மனுஷன் மேல என்ன பாடுபடுறாரோ" என்று அண்ணி அதைக் கழுவி எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாத்தனாருக்குக் கடைசி மேஜை. காய்ந்து சூடாக வரும் விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். அவள் மடித்தால் ஓரங்கள் நூல் பிடித்தது போல நிற்கும். நடுவே மெஷின்களை ஓட்டுகிறவரை எல்லோரும் டிரம் அண்ணன் என்பார்கள். அந்தச் சத்தத்திலேயே பாதி ஆயுளைக் கழித்துக் காது மந்தமாகிப் போனவர். அவர் ரகசியம் பேசினாலும் மேல்மாடி வரைக்கும் கேட்கும்.

அண்ணியின் மகள் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது புது போன் வாங்கிக்கொண்டு, பழையதை அம்மாவிடம் விட்டுப் போனாள். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. 'கீழ்வீடு' என்று பெயர். "பிள்ளை இத்தனை நாளா தலையைக் குனிஞ்சுக்கிட்டு என்னத்தைப் பார்த்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் திறந்தேன்" என்பாள் அண்ணி. திறந்தவள் மூடவில்லை.

கீழ்வீட்டில் மண்ணுக்கு அடியில் ஒன்றின்கீழ் ஒன்றாக அறைகள். மேலங்கி போட்ட, முகம் தெரியாத ஓர் ஆள் கையில் விளக்கோடு இறங்கிப் போகிறான். அறைக்கு ஒரு புதிர். அவிழ்த்தால் அடுத்த அறைக்குக் கதவு திறக்கும். ஓர் அறையில் சுவர்க்கடிகாரத்துக்கு வாய் இருக்கிறது. சட்டைப் பொத்தான்களை ஊட்டினால்தான் மணி சொல்லும். இன்னோர் அறையில் மழை தரையிலிருந்து கூரையைப் பார்த்துப் பெய்கிறது. வேறொன்றில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. கழுத்துக்கு மேல் தலை இல்லை, மீன்தொட்டி. அம்மாவின் தொட்டியில் மட்டும் மீனைக் காணோம். தேடிக் கொண்டுவந்து விட வேண்டும்.

நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு அரண்டு போனாள். "கடவுளே! பிரார்த்தனை பண்ற வீட்டுல இது என்ன அண்ணி, பேய்வீடு?"

"உன் பிரார்த்தனையை நீ பண்ணு நாத்தனாரே. இந்த அம்மாவுக்கு மீனைத் தேடிக் குடுத்துட்டு நானும் வந்து சேர்ந்துக்கறேன்."

இதை நாத்தனார் சலவைப் பிரிவில் போய்ச் சொல்ல, அன்றிலிருந்து அண்ணிக்குப் பேய்வீட்டம்மா என்று பெயர் விழுந்தது. அண்ணி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

உண்மையில் அண்ணிக்கு ஆட்டத்தைவிடப் பிடித்தது ஆடியவர்களின் அபிப்பிராயம்தான். விளையாட்டை இறக்கிக்கொள்ளும் பக்கத்தில், ஆடிப் பார்த்தவர்கள் நட்சத்திரம் கொடுத்து இரண்டு வரி எழுதியிருப்பார்கள். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி டப்பாவில் போனைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு அவற்றை உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் தட்டிலிருந்து நிமிர்ந்து கேட்பார்கள்.

"ஒருத்தர் எழுதியிருக்காரு. ஏழாவது ரூம் ஒரே இருட்டா இருக்குன்னு போனை ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டாராம். கடைக்காரர் சிரிச்சாராம். ஒரு ஸ்டார்."

"யாருக்கு, கடைக்காரருக்கா?" என்று டிரம் அண்ணன் முழங்கினார்.

"இது ஒரு பொண்ணு. அந்தக் கடிகாரம் அச்சு அசல் எங்க மாமியார். எவ்வளவு ஊட்டினாலும் போதலைங்குது. அஞ்சு ஸ்டார்."

"அந்த மாமியார் படிச்சா தெரியும் சேதி."

"இதைக் கேளுங்க. இதைச் செஞ்சவருக்கு உடம்பு எப்படி இருக்கு, யாராவது போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு போட்டிருக்காங்க. நாலு ஸ்டார்." அண்ணி அடுத்ததுக்கு நகர்ந்தாள். "மீன் கிடைச்சதும் அழுதுட்டேன். ஏன்னு தெரியலை. வேலைக்குப் போற வழியில ஆடாதீங்க."

ஒவ்வொரு கருத்தின் கீழும் 'உதவியாக இருந்ததா?' என்று கேட்டு ஒரு கட்டைவிரல் படம் இருக்கும். அண்ணி அதை அழுத்திவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

அவளும் ஒரு கருத்து எழுதியிருந்தாள். இருவருக்கும் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. எந்த 'ற' போடுவது, எங்கே கால் வாங்குவது என்று நாத்தனாரும் அவளுமாக மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. 'பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்தால் என் வீடு வெளிச்சமாகத் தெரிகிறது.' ஐந்து நட்சத்திரம். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் அதற்குக் கட்டைவிரல் அழுத்தியிருந்தார்கள். தொட்டிச் செடி துளிர்விட்டிருக்கிறதா என்று பார்ப்பது போல அண்ணி தினமும் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஆனால் ஏழாவது அறையில் அவளும் வசமாக மாட்டிக்கொண்டாள். நான்கு பக்கமும் வெறும் சுவர். நடுவில் ஒரு நாற்காலி. கையில் விளக்கு. கதவே கிடையாது. எதைத் தொட்டாலும் எதுவும் அசையாது. கருத்து எழுதியவர்களில் பாதிப் பேரின் புலம்பல் இந்த அறையைப் பற்றித்தான்.

"என்ன பேய்வீட்டம்மா, இன்னும் அந்த ரூம்லயே குடித்தனமா?"

"வாடகை கேட்டு யாரும் வரலையே அண்ணே. இருந்துட்டுப் போறேன்."

அப்படி ஒரு மத்தியானம் வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு, நெட் போயிடுச்சா?" என்றார் டிரம் அண்ணன்.

எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாதிநிலா' என்று இருந்தது. ஒரு நட்சத்திரம். அண்ணி எழுத்து எழுத்தாக வாசித்தாள். 'ஏழாவது அறையில் இருக்கிறேன். கதவே இல்லை. வெளியிலும் எனக்கு அப்படித்தான். இனி எதையும் தேடுவதாக இல்லை. எல்லோருக்கும் நன்றி.'

"வெறுத்துப் போயிட்டான் போல. இதை அழிச்சுட்டு வேற கேம் போட்டுக்குவான், விடுங்க."

"ஒரு ஸ்டார் குடுக்கறவன் திட்டுவான் அண்ணே. நெட்டுக்குத் தண்டம்னு வாயில வந்ததெல்லாம் சொல்லுவான். நன்றி சொல்லி எவனாவது பார்த்திருக்கீங்களா?"

அத்தனை நாள் வாசிப்பில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லைதான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் தம்பி போறதுக்கு முந்தின நாள் எல்லார்கிட்டயும் அப்படி ஒரு மரியாதை. உங்க அண்ணன் சட்டை ஒண்ணு அவன்கிட்ட இருந்துச்சு. துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு எடுத்துட்டு வந்தான். ரொம்ப தேங்க்ஸ்க்கான்னான். என்னடா புதுசா மரியாதைன்னு நான் சிரிச்சேன்."

அண்ணிக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது மட்டும்தான் நாத்தனாருக்குத் தெரியும். அவன் எப்படிப் போனான் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. இப்போதும் அவள் கேட்கவில்லை. பஸ் நின்றது. இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "பதில் எழுதற இடத்தையே காணோமே!" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது கிடையாதுக்கா" என்றார் டிரம் அண்ணன். போன் விவகாரத்தில் அவர் கில்லாடி. "ஆடினவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க முடியாது. கேம் செஞ்சவரு ஒருத்தர்தான் பதில் போட முடியும். நம்ம கமெண்டை நாம வேணா மாத்தி எழுதலாம்."

அண்ணி தன் கருத்தைத் திறந்து, எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழிக்கத் தொடங்கினாள்.

"அண்ணி! எத்தனை பேரு நல்லா இருக்குன்னு அழுத்தினது! உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"அது நல்லா இருந்து யாருக்கு என்ன ஆச்சு? நீ வந்து 'ற'வைப் பாரு."

இருவருமாக எழுதி முடித்தார்கள். 'பாதிநிலாவுக்கு. நானும் ஏழாவது அறையில்தான் நிற்கிறேன். எனக்கும் கதவு தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் துணி பிரிக்கிறவள். தினமும் மத்தியானம் சாப்பிடும்போது இங்கே வந்து பார்ப்பேன். நீங்கள் வரும்வரை நிற்பேன். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.'

எழுதியாயிற்று. ஆனால் அது ஐந்து நட்சத்திரக் கூட்டத்துக்குள் அல்லவா கிடக்கிறது? பாதிநிலா இருப்பது ஒரு நட்சத்திரக்காரர்கள் பக்கம். அங்கே வந்து எட்டிப் பார்த்தால் இது கண்ணில் படாது. அண்ணி தயங்கினாள். அவளுக்கு உயிரான விளையாட்டு அது. "மன்னிச்சுக்கப்பா" என்று, அதைச் செய்தவர் எதிரே நிற்பது போலச் சொல்லிவிட்டு, நான்கு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அப்புறம் கட்டைவிரல். அதிகம் பேர் அழுத்தினால் கருத்து மேலே ஏறி வரும் என்று டிரம் அண்ணன் சொன்னதுதான் தாமதம், பேய்வீடு என்று முதலில் பெயர் சூட்டிய நாத்தனாரே தன் போனைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். "எல்லாரும் போனை எடுங்க! உதவியா இருந்துச்சுன்னு அழுத்துங்க!" என்று டிரம் அண்ணன் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் அம்மா அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன இங்க, மாநாடா நடக்குது?"

மெஷின்கள் மட்டும் உருண்டன. அண்ணி எதையும் மறைக்காமல் போனையே நீட்டினாள். சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பாதிநிலா எழுதியதை முதலில் படித்தார். அண்ணி எழுதியதை அடுத்துப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "வேலை நேரத்துல போனைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்றது?" என்று கடுகடுத்துவிட்டுப் போனவர், கதவருகே நின்று திரும்பினார். "எதை அழுத்தணும், அந்தக் கட்டைவிரலையா?"

துணிவண்டி தள்ளிக்கொண்டு கீழே வந்த வார்டு ஆட்களையும் நாத்தனார் விடவில்லை. அழுத்தினால்தான் சுத்தமான விரிப்பு என்று வழிமறித்தாள். சாயங்காலத்துக்குள் அண்ணியின் கருத்து எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துவிட்டது.

பாதிநிலாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. அண்ணி சாப்பாட்டுக்கு உட்காரும்போது பார்ப்பாள், எழும்போது பார்ப்பாள். நாத்தனார் படுக்குமுன் பிரார்த்தனை செய்வாள். யாருக்காக வேண்டினாலும் பெயர் சொல்லி வேண்டித்தான் அவளுக்குப் பழக்கம். பாதிநிலா என்று சொன்னால் கடவுளுக்குப் புரியுமா என்று முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு, 'யாருன்னு உனக்குத் தெரியும், நீ பார்த்துக்க' என்று அவர் தலையிலேயே போட்டுவிட்டு, தலைமாட்டுச் சுவிட்சை அமுக்கி விளக்கை அணைத்தாள். இப்போதெல்லாம் அவள் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.

ஒருநாள் அண்ணியின் கருத்துக்குக் கீழே பதில் ஒன்று வந்திருந்தது. அடித்துப் பிடித்து எடுத்துப் பார்த்தால், பாதிநிலா இல்லை. ஆட்டத்தைச் செய்தவர். 'வணக்கம். நீங்கள் முன்பு எழுதிய இரண்டு வரியை என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். என்ன தவறு செய்தேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.' அண்ணி எழுதியதை அவர் பாதியில் நிறுத்திவிட்டார் போலும். நட்சத்திரத்தைப் பார்த்ததுமே மனம் உடைந்துவிட்டது.

"ஐயோ பாவம்" என்று அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உடனே தன் கருத்தின் அடியில் எழுதினாள். 'ஆட்டம் செய்தவருக்கு. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பாதிநிலா எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். அவருக்குப் பதில் போட உங்களால்தான் முடியும். உங்கள் நான்கு நட்சத்திரமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் தருகிறேன்.'

அடுத்த நாளே பாதிநிலாவின் வரிகளுக்குக் கீழே பதில் நின்றது. 'பாதிநிலா, ஏழாவது அறையைச் செய்தபோது நானும் அப்படியோர் அறையில்தான் இருந்தேன். அதற்குக் கதவு வைத்திருக்கிறேன். நம்புங்கள். மனசு தாங்கவில்லை என்றால், எந்நேரமும் பேச ஆட்கள் இருக்கும் தொலைபேசி எண்ணைக் கீழே தந்திருக்கிறேன், கூப்பிடுங்கள். பக்கத்தில் ஓர் அம்மா உங்களுக்காக நின்றுகொண்டிருக்கிறார். அவரையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.'

இனி அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அண்ணி வேலையில் இருந்தாளே தவிர நினைப்பு வேறெங்கோ இருந்தது. உதறாமல் ஒரு விரிப்பை அவள் மெஷின் பக்கம் தள்ளியதை நாத்தனார் பார்த்தாள். அப்படி நடந்ததே கிடையாது. ஓடிப்போய் எடுத்து அவளே உதறிவிட்டுப் போட்டாள்.

அன்று உடை மாற்றும் அறையில், பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி ஏழாவது அறைச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். விளக்கொளியில் சுவர்களும் நாற்காலியும் மஞ்சளாகத் தெரிந்தன. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த விளக்கை எதுக்கு அண்ணி விடாப்பிடியா பிடிச்சிட்டு நிக்கிறீங்க? அணைச்சுப் பாருங்களேன்."

"இருக்கிற ஒரே வெளிச்சம் அதுதான். அணைச்சா குருட்டு இருட்டாயிடாதா? எல்லாரும் அணைச்சுப் பார்த்துட்டுத்தான் ஒண்ணுமே தெரியலைன்னு எழுதியிருக்காங்க."

"உடனே தெரியாது. என் ரூம்ல மட்டும் உடனேயா தெரியுது? நீங்க தொங்கவிட்டீங்களே சுவிட்ச், அதை அணைச்சதும் எனக்கு மூச்சே நின்னுடும். மறுபடி போட்டுடலாம்னு கை போகும். போடாம சும்மா கிடந்தா, கொஞ்ச கொஞ்சமா கதவு எங்க இருக்கு, ஜன்னல் எங்க இருக்குன்னு தெரியும். தெருவிளக்கு இடுக்கு வழியா வந்துட்டுத்தான் இருக்கு. என் லைட்டு எரியற வரைக்கும்தான் அது தெரியறதில்லை."

அண்ணி அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். சுவிட்சைப் பற்றி இருவரும் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணி ஆட்டத்தின் விளக்கை அணைத்தாள். திரை கறுத்துப் போனது. ஒன்றுமே இல்லை. அண்ணியின் விரல் மறுபடி விளக்கை ஏற்றப் போக, நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ அலமாரியைச் சாத்தினார்கள். தண்ணீர்க் குழாய் ஓடி நின்றது. அதன் பிறகுதான், கறுப்புக்குள் மயிரிழை போல ஒரு கோடு. அது மேலே போய், குறுக்கே திரும்பி, கீழே இறங்கியது. கதவு. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"அடி கள்ளி!" என்று அண்ணி அவள் தொடையில் ஓங்கி அடித்தாள். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

"தள்ளுங்க அண்ணி, திறந்து போங்க. எட்டாவது ரூம்ல என்ன இருக்குன்னு பார்ப்போம்."

அண்ணியின் விரல் கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டது. "நீங்கள் வரும்வரை நிற்பேன்னு எழுதிட்டேனே."

"அதுக்கு?"

"நான் போயிட்டா அது பொய்யாயிடும்ல?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. தான் கும்பிடும் கடவுளுக்குச் சொன்ன வாக்கைக்கூட அவள் அத்தனை கறாராகக் காத்தது கிடையாது. "சரி, விடையையாவது எழுதிப் போடலாம்ல? பாவம், அந்தப் பிள்ளை போய்க்கும்."

"கதவைத் திறந்துட்டுப் போயிட்டே இருந்தா அப்புறம் இங்க எதுக்கு வரப்போகுது? தேடட்டும். இனிமே தேடமாட்டேன்னு சொன்னதுதானே எனக்குப் பயம்." அண்ணி விளக்கை மறுபடி ஏற்றினாள். கதவு மறைந்தது. நாற்காலியும் சுவரும் திரும்பி வந்தன. போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், நாத்தனார் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னக்கா?" என்றார் டிரம் அண்ணன், மெஷின் பக்கத்திலிருந்து.

அண்ணி போனை நீட்டினாள். நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். பாதிநிலாவின் பழைய வரிகள் இல்லை. ஒரு நட்சத்திரம் இரண்டாகியிருந்தது. 'இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இருக்கிறேன்.'

"என்னன்னு சொல்லித் தொலைங்களேன், எனக்குக் கேட்கலை!"

"இருக்காங்களாம் அண்ணே!" என்று அண்ணி கத்தினாள். அவ்வளவு உரக்க அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "இருக்காங்களாம்! இருக்காங்களாம்!"

சூப்பர்வைசர் அம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார். யாரையும் திட்டாமல் மறுபடி சாத்திக்கொண்டார். அன்று வண்டியில் மேலே போன விரிப்புகளில் சிலது கோணலாக மடிந்திருந்ததை மேல்மாடிக்காரர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மடித்தவளுக்குக் கண்ணீரில் ஓரம் தெரியவில்லை.

ஆட்டம் செய்தவருக்கு நான்கு நட்சத்திரங்களும் அன்றே திரும்பிப் போயின. எழுதியதை மட்டும் அண்ணி அழிக்கவில்லை. பாதிநிலாவின் பெயர் இருந்த இடத்தில், 'யார் மாட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்கு' என்று மாற்றினாள். வருஷங்கள் போயின. ஏழாவது அறைக்கு யார் யாரோ வந்தார்கள், திட்டினார்கள், அழுதார்கள், போனார்கள். அண்ணி அங்கேயே நின்றாள். எட்டாவது அறையில் என்ன இருக்கிறது என்று அவள் கடைசிவரை பார்க்கவில்லை. "பார்த்தவங்க எழுதினதைப் படிக்கிறேன்ல, அது போதும்" என்பாள். பாதிநிலா எப்போதாவது வந்து ஒரு வார்த்தையை மாற்றிவிட்டுப் போவதுண்டு. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. நட்சத்திரம் மூன்றாகியிருந்தது.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை என்று வெளியூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சலவைப் பிரிவின் பின்வாசலில்தான் ஆம்புலன்ஸ் வண்டி வந்து நின்றது. அண்ணன் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரம் அண்ணன் படுக்கையை ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தார். அண்ணி படுத்தபடியே மேலே கிடந்த விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இது உன் மடிப்பு இல்லையே. ஓரம் கோணலா இருக்கு."

"நான் லீவு போட்ட அன்னைக்கு எவளோ மடிச்சது அண்ணி." நாத்தனார் விரிப்பை இழுத்து நேராக்கினாள். நேராக்கியதையே மறுபடி மறுபடி நேராக்கினாள்.

அண்ணி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அவள் கையில் வைத்தாள். "அங்க உள்ள வெச்சுக்க விடமாட்டாங்களாம்."

"திரும்பி வந்து வாங்கிக்குங்க."

"ம்."

அண்ணியைக் கண்ணால் கண்டது அதுதான் கடைசி என்று நாத்தனாருக்கு அப்போது தெரியாது. போனை மார்போடு பிடித்துக்கொண்டு வண்டியின் படியருகே நின்றாள்.

"தினமும் மத்தியானம் பாரு" என்றாள் அண்ணி. "யாராவது மாட்டிக்கிட்டு நின்னா, நானும் இங்கதான் நிக்கிறேன்னு எழுது. நீ நின்னாலும் நான் நின்னாலும் ஒண்ணுதான். பொய் ஆகாது."

டிரைவர் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார். அடுத்ததைச் சாத்தும்போது அண்ணி தலையைத் தூக்கி இடைவெளி வழியாகப் பார்த்தாள்.

"விடையை மட்டும் சொல்லிடாதடி. ஆட்டம் கெட்டுப் போயிடும்."